பனிக் கதைகளும் வெப்பக் கணக்கும்

சித்திரை மாதத்துச் சேலத்தில், பிற்பகல் இரண்டு மணி வகுப்பில், வெண்பனிப் பொழிவைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கையான காரியந்தான். மின்விசிறி சுடுகாற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருக்கும். கரும்பலகையைத் தொட்டால் சுடும். அப்படிப்பட்ட ஒரு நாளில், முதலாண்டு மாணவன் ஒருவன் நூலகத்திலிருந்து எடுத்துவந்த கதைத் தொகுப்பை என்னிடம் நீட்டி, "சார், மும்பையிலே பனி கொட்டுதுன்னு எழுதியிருக்காருங்க. இது நடக்குங்களா?" என்று கேட்டான். அவன் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் 'பனி' என்று சொல்வது பெரும்பாலும் மார்கழி விடியலில் வைக்கோற்போர்மேல் முத்து முத்தாக நிற்கும் நீர்த்துளியையே. வானிலிருந்து பஞ்சுபோல் இறங்குவதையும் பனி என்கிறோம். மீன் மார்க்கெட்டில் மரத்தூளுக்குள் கிடக்கும் ஐஸ் பாளத்தையும் பனிக்கட்டி என்கிறோம். சமவெளியில் வாழும் நமக்கு இவற்றைப் பிரித்துப் பேசவேண்டிய தேவை இருந்ததில்லை. இங்கே வானிலிருந்து பொழிவதை வெண்பனி என்றும், கெட்டியாக உறைந்ததைப் பனிக்கட்டி என்றும், மலைமேல் தேங்கி மெல்ல நகர்ந்து இறங்குவதைப் பனியாறு என்றும் குறிப்பிடுவோம். நம் ஊர்ப் பனியைப் பனி என்றே விட்டுவிடலாம். இறுதியில் அதற்கும் வேலை இருக்கிறது.

மும்பையில் வெண்பனி

மாணவன் படித்த கதையை எழுதியவர் ஜயந்த் விஷ்ணு நார்லிகர். 1938இல் கோலாப்பூரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பிரெட் ஹாயில் என்னும் புகழ்பெற்ற வானியலறிஞரிடம் ஆராய்ச்சி செய்து, பின்னர் புனேயில் வானியல்-வானியற்பியல் பல்கலைக்கழகங்களுக்கிடை மையத்தை 1988இல் உருவாக்கியவர். 2025 மே மாதம் மறைந்தார். மராத்தியில் அறிவியற் கதைகள் எழுதினார். 1974இல் மராத்தி விஞ்ஞானப் பரிஷத் நடத்திய போட்டிக்குத் தம் பெயரை மறைத்து, புனைபெயரில் கதை அனுப்பிப் பரிசு பெற்றவர். நேஷனல் புக் டிரஸ்ட் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்திய அறிவியற் கதைத் தொகுப்பில் 'தி ஐஸ் ஏஜ் கமெத்' என்ற அவர் கதை இருக்கிறது. பனியுகம் வருகிறது என்று பொருள்.

கதையின் உள்ளடக்கம் இதுதான். மும்பை மக்கள் ஒரு நாள் காலையில் கண்விழித்துப் பார்க்கும்போது தெருவெல்லாம் வெண்பனி. வசந்த் சிட்னிஸ் என்னும் விஞ்ஞானி இதை முன்பே எச்சரித்திருந்தார், உலகம் கேட்கவில்லை. எரிமலைத் தூசியும் வான்மேலடுக்கில் மிதக்கும் நுண்ணிய பனித்துகள்களும் சேர்ந்து சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிவிட, பூமி குளிர்ந்து பனியுகத்தில் இறங்குகிறது. பிறகு அதே விஞ்ஞானியின் திட்டப்படி ராக்கெட் முதலிய கருவிகளால் உலோகத் துகள்களை வானில் தூவி, அவை சூரிய வெப்பத்தை உறிஞ்சுமாறு செய்து, மனிதர்கள் பனியுகத்தை விரட்டுகிறார்கள்.

உலகம் அழிந்தது என்று முடிக்காமல், மனிதர் கணக்குப் போட்டுத் தப்பினர் என்று முடிகிறது பாருங்கள், அதுவே இக்கதையைப் பல அழிவுக் கதைகளிலிருந்து பிரிக்கிறது. ஆனால் நம்பிக்கை என்பது ஆசிரியர் தம் விருப்பப்படி கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைக்கும் தாள் அன்று. அது வெப்பக் கணக்கில் தேறவேண்டும். தேறுகிறதா என்று பார்ப்போம்.

பூமியின் வரவு செலவு

சூரியனை நேராக நோக்கி வளிமண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீட்டர் பலகையைப் பிடித்தால் அதன்மேல் சுமார் 1,361 வாட் ஆற்றல் விழும். பூமி உருண்டை, பாதி எப்போதும் இருட்டு, எனவே சராசரியாகச் சதுர மீட்டருக்கு 340 வாட்தான் வரவு. இதிலும் சுமார் 30 விழுக்காட்டை மேகமும் பனியும் பாலைவனமும் அப்படியே திருப்பிவிடுகின்றன. மிச்சம் 238 வாட். இந்த அளவு வெப்பத்தைப் பெற்று, அதே அளவை விண்வெளிக்கு வீசும் ஒரு பொருளின் வெப்பநிலை சுழிக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸாக இருக்கவேண்டும். ஆனால் பூமியின் சராசரியோ ஏறத்தாழ 15 டிகிரி. இடையிலுள்ள 33 டிகிரி, நீராவியும் கரியமில வாயுவும் பிறவும் போர்வைபோல் போர்த்தித் தந்த கொடை.

இப்போது அந்த 30 விழுக்காடு 31 ஆனால் என்னவாகும்? சதுர மீட்டருக்குச் சுமார் 3.4 வாட் வரவு குறையும். ஸ்டீபன்–போல்ட்ஸ்மன் விதிப்படி வெப்பநிலை ஏறக்குறைய 0.9 டிகிரி இறங்கும். நூற்றில் ஒரு பங்கு கூடுதலாகத் திருப்பி அனுப்பியதற்கே இந்த விளைவு. குளிர்ந்தால் பனிப்பரப்பு விரியும், வெண்ணிறப் பரப்பு விரிந்தால் ஒளி மேலும் திரும்பும், மேலும் குளிரும். கடனுக்கு வட்டி ஏறுவதைப்போல இது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் போக்கு.

ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்றால் என்ன பெரிய வேறுபாடு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சென்ற பனியுகத்தின் உச்சம் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது வட அமெரிக்காவின் பெரும்பகுதி கிலோமீட்டர் கணக்கான தடிப்புள்ள பனிக்கட்டியின்கீழ் கிடந்தது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. உலகச் சராசரி வெப்பநிலை மட்டும் இன்றையதைவிட எவ்வளவு குறைவு தெரியுமா? ஏறத்தாழ 5 அல்லது 6 டிகிரிதான். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சென்றால் சுமார் 1,240 மீட்டர் உயரம் ஏறுகிறோம், கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் 8 டிகிரி குறைகிறது. பேருந்தில் ஒரு மணி நேரத்தில் நாம் கடக்கும் வேறுபாட்டைவிடச் சிறிய ஒரு சராசரி மாற்றமே உலக வரைபடத்தை மாற்றி எழுதியிருக்கிறது!

எரிமலை இவ்வேலையைச் செய்யுமா? ஓரளவு செய்யும். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 'கோடையில்லா ஆண்டு' என்றே பெயர் பெற்றது. அந்தக் குளிர்கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோதுதான் மேரி ஷெல்லி என்ற இளம்பெண் 'பிராங்கன்ஸ்டைன்' கதையைத் தொடங்கினார். அக்கதை வடதுருவப் பனிக்கடலில் தொடங்கி அங்கேயே முடிவதும் பொருத்தந்தான். நம் காலத்தில், 1991 ஜூனில் பிலிப்பைன்சின் பினாட்டுபோ சுமார் 2 கோடி டன் கந்தக ஈராக்சைடை மேலே அனுப்பியது. உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி இறங்கியது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அத்துகள்கள் கீழே படிந்துவிட்டன; வெப்பநிலையும் மீண்டுவிட்டது.

எனவே ஓர் எரிமலை மட்டும் பனியுகத்தைக் கொண்டுவந்துவிடாது. நார்லிகருக்கு இது தெரியாதா என்ன? அதனால்தான் அவர் இன்னொரு கண்ணியைச் சேர்க்கிறார். மிக நுண்ணிய நீர்த்துளிகள் சுழி டிகிரியில் உறைவதில்லை. சுழிக்குக் கீழே 40 டிகிரி வரைகூட நீராகவே நிற்கவல்லவை. அதற்கும் கீழே போனால் ஒரேயடியாகப் பனிப்படிகமாகி, வைரத்தூள்போல் மின்னி ஒளியைச் சிதறடிக்கும். அவருடைய ஆசிரியர் ஹாயில் 1981இல் பனியுகம் பற்றி எழுதிய நூலில் வளர்த்த கருத்து இது. பெரும்பாலான வானிலை அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. பனியுகங்களின் தாளத்தைப் பூமியின் சுற்றுப்பாதையும் அச்சுச் சாய்வும் மெல்ல மாறுவதைக் கொண்டே இன்று விளக்குகிறோம். என் தனிக்கருத்தில், கதையின் பலவீனமான இடம் வைரத்தூள் அன்று, ராக்கெட்டுகளே. பினாட்டுபோ தூக்கியது கோடி டன் கணக்கு. அதற்கு ஈடாகத் தூவ எத்தனை ராக்கெட் வேண்டும் என்று பெருக்கிப் பார்த்தால் பொறியாளருக்கே வியர்த்துவிடும். ஆனாலும் ஒளியைத் திருப்புவதற்கு எதிராக ஒளியை உறிஞ்சுவது என்னும் அடிப்படை சரியானது. கதையின் நம்பிக்கைக்கு இயற்பியல் இடங்கொடுக்கிறது. நடைமுறைதான் முரண்டு பிடிக்கிறது. இதையே அம்மாணவனுக்கும் சொன்னேன்.

தராசு மறுபக்கம் சாய்ந்தபோது

இன்று தராசு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அதாவது, போர்வை தடித்துவிட்டது. இரட்டிப்பானால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.7 வாட் வெப்பம் கூடுதலாகத் தங்கும். மேலே நாம் பார்த்த 3.4 வாட்டுக்கு நெருக்கமான எண் இது; குறி மட்டும் மாறியிருக்கிறது.

பூமி சூடாகும் காலத்தில் குளிர்நாட்டுக் கதைகளுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். சூடு முதலில் கடிப்பது குளிர்ந்த இடங்களைத்தான். ஆகவே எழுத்தாளர்களும் அங்கேயே போகிறார்கள். அமெரிக்காவில் 2020இல் சரீனா உலிபாரி என்பவர் தொகுத்த 'சோலார்பங்க் விண்டர்ஸ்' என்னும் நூல் முழுவதும் குளிர்காலத்தில் நிகழும் நம்பிக்கைக் கதைகள். காலநிலை கெட்ட பின்பும் மக்கள் கூடி வாழ வழி கண்டனர் என்பதே 'சோலார்பங்க்' என்ற இந்தக் கதைவகையின் பொதுக்குரல். அதே 2020இல் கிம் ஸ்டான்லி ராபின்சன் எழுதிய 'தி மினிஸ்டிரி ஃபார் த ஃபியூச்சர்' என்ற நாவல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு கொடிய வெப்ப அலையில் தொடங்குகிறது. அதில் இந்தியா விமானங்களை அனுப்பி, பினாட்டுபோ செய்ததைத் தானே செய்து வானை மங்கவைக்கிறது. நார்லிகரின் இந்தியா வெப்பத்தை உறிஞ்ச உலோகம் தூவியது. ராபின்சனின் இந்தியா ஒளியைத் திருப்பத் தூசி தூவுகிறது. அதே நாவலில் அண்டார்க்டிகாவில் பனியாறுகளின் அடியிலுள்ள நீரை இறைத்தெடுக்கிறார்கள். அடியில் நீர் இருந்தால் எண்ணெய் விட்டதுபோல் பனியாறு வழுக்கிக் கடலுக்குள் சரியும். நீரை எடுத்துவிட்டால் பாறையோடு உரசி நிற்கும் என்பது கருத்து. படிக்க விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் பெருங்கதைகளின் பெருந்திட்டங்களைவிட எனக்கு நெருக்கமானது, கதை என்று சொல்லத்தக்க, ஆனால் கதையல்லாத ஒன்று. அதற்கு நாம் லடாக்குக்குப் போகவேண்டும்.

லடாக்கின் பனிக்கோபுரம்

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு அங்கே மழையும் வெண்பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டர்தான். நம் சேலத்தில் பெய்வதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. விவசாயம் முழுவதும் மலைமேலிருந்து உருகிவரும் நீரை நம்பியது. கோதுமையும் வாற்கோதுமையும் விதைக்க ஏப்ரல், மே மாதங்களில் நீர் வேண்டும். ஆனால் உயரத்திலுள்ள பனியாறுகள் நன்றாக உருகத் தொடங்குவது ஜூனில். கீழ்ச்சரிவுகளில் இருந்த பனியாறுகள் சுருங்கி மேலேறிவிட்டதால் இந்த இடைவெளி வலிக்கிறது. மறுபுறம், விவசாயமே இல்லாத குளிர்காலத்தில் ஓடை நீர் யாருக்கும் பயனின்றிச் சிந்துவில் போய்ச் சேர்கிறது. நீர் இல்லை என்பதைவிட, நீர் தவறான மாதத்தில் வருகிறது என்பதே சிக்கல்.

இதை முதலில் பிடித்தவர் செவாங் நார்பெல் என்ற கட்டடப் பொறியாளர். அரசின் ஊரக வளர்ச்சித் துறையில் வேலை பார்த்தவர். ஓடையின் மற்ற இடங்களில் நீர் உறையாமல் விரைந்து ஓட, பாப்லர் மரங்களின் நிழலில் மெல்ல ஓடிய ஒரு சிறு வாய்க்கால் மட்டும் உறைந்துகிடப்பதைக் கவனித்தார். வேகத்தைக் குறைத்து, நிழலில் பரப்பினால் உறையும். இந்த ஒரு கவனிப்பிலிருந்து 1980களின் இறுதி தொடங்கிப் பத்துக்கும் மேற்பட்ட செயற்கைப் பனியாறுகளை, கற்தடுப்புகள் கட்டி, ஊர்களுக்கு மேலே உருவாக்கினார். 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் பரப்பிவைத்த பனிக்கட்டி வெயில் பட்டால் விரைவில் உருகும். எனவே மிக உயரத்தில், நிழல் விழும் பள்ளத்தாக்குகளில் மட்டுமே இம்முறை பலித்தது.

அடுத்த அடியை எடுத்துவைத்தவர் சோனம் வாங்சுக். அவரும் பொறியாளர், மாணவர்களோடு பள்ளி நடத்தியவர். மே மாதத்தில் ஒரு பாலத்தின் அடியில், தாழ்வான இடத்திலேயே, பனிக்கட்டி உருகாமல் கிடப்பதைக் கண்டார். காற்றின் சூட்டைவிட நேர்வெயிலே பனியைத் தின்கிறது என்பது தெரிந்தது. நிழல் தரமுடியாவிட்டால் வெயில்படும் பரப்பைக் குறைக்கலாமே! பரப்பாமல் குவித்தால் என்ன?

2013–14 குளிர்காலத்தில் முதல் முயற்சி. மேட்டிலுள்ள ஓடையிலிருந்து குழாய் வழியே நீரைக் கீழே கொண்டுவந்து, குழாயின் முனையை மேல்நோக்கி நிறுத்தினார்கள். நீர் தன் மட்டத்தைத் தேடும் என்பது நாம் சிறுவகுப்பில் படித்ததுதானே? எனவே மோட்டார் எதுவும் இல்லாமலேயே நீர் ஊற்றாக மேலெழும்பித் துளிகளாகச் சிதறும். சுழிக்குக் கீழ் 20 டிகிரிக் காற்றில் அத்துளிகள் விழும்போதே வெப்பத்தை இழந்து, கீழே பட்டதும் உறைந்துவிடும். இரவுதோறும் இப்படி வளர்ந்து, புத்த ஸ்தூபிபோல் ஒரு கூம்பு எழுந்தது. உயரம் சுமார் 6 மீட்டர். அதில் அடங்கிய நீர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் லிட்டர். லடாக் மக்கள் பௌத்த ஸ்தூபியை நாளும் வலம் வருகிறவர்கள். 'பனி ஸ்தூபி' என்ற பெயர் அங்கே எளிதில் ஒட்டிக்கொண்டது. அது மே மாதத்தின் நடுப்பகுதி தாண்டியும் நின்றது.

இதன் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் எனக்கு ஓர் இன்பம் உண்டு. 150 கன மீட்டர் பனிக்கட்டியை 15 சென்டிமீட்டர் தடிப்பில் தரையில் பரப்பினால் 1,000 சதுர மீட்டர் வெயிலில் காயும். அதே அளவை 6 மீட்டர் உயரக் கூம்பாக்கினால், அடிவட்டத்தின் ஆரம் சுமார் 4.9 மீட்டர், சாய்பரப்பு சுமார் 120 சதுர மீட்டர் மட்டுமே. எட்டில் ஒரு பங்கு. இனி உறைதல். ஒரு கிலோ நீர் உறையும்போது 80 கிலோகலோரி உள்ளுறை வெப்பத்தை வெளியேற்றவேண்டும். ஒன்றரை லட்சம் கிலோவுக்கு 1 கோடியே 20 லட்சம் கிலோகலோரி. மின்கணக்கில் சொன்னால் சுமார் 14,000 யூனிட். நம் ஊர் ஐஸ் கம்பெனியில் இவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற இயந்திரம் இரவு பகலாக ஓடவேண்டும். லடாக்கில் குளிர்காற்றும் தெளிந்த வானமும் அதைச் செலவின்றி வாங்கிக்கொள்கின்றன.

வாங்சுக்குக்கு 2016இல் ரோலெக்ஸ் விருதும் 2018இல் மகசேசே விருதும் கிடைத்தன. பாராட்டுரைகளில் பனியாறுகளுக்கே மாற்று கண்டுவிட்டதுபோல எழுதியவர்களும் உண்டு. அது மிகை. ஒன்றரை லட்சம் லிட்டர் என்பது பெரிய தண்ணீர் லாரிகள் பத்துப் பன்னிரண்டு சுமக்கும் அளவு. குழாயில் ஓட்டம் ஒரு நள்ளிரவில் நின்றால் குழாயே உறைந்துவிடும், யாராவது விழித்திருக்கவேண்டும். ஸ்தூபி பனியாற்றை மீட்காது. புதிதாக ஒரு சொட்டு நீரையும் படைக்காது. சனவரி நீரை மே மாதத்துக்கு நகர்த்திவைக்கிறது. ஐப்பசி மழையைத் தைக்கும் மாசிக்கும் பிடித்துவைக்கும் நம் ஏரி செய்வதும் இதுதான். லடாக்கில் கரைக்குப் பதில் கூம்பு.

பனிக்கட்டி சமவெளிக்கு வந்த கதை

குவித்துவைத்தால் நிற்கும் என்பதை வணிகர்கள் முன்பே அறிந்திருந்தனர். அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர், ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். புறப்பட்டது 180 டன். வெப்பமண்டலக் கடலில் நான்கு மாதம் பயணம் செய்து செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது. சென்னைக்கும் அந்தப் பனிக்கட்டி வந்தது. அதைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

அதற்கும் முன்னரே வடநாட்டுச் சமவெளியில், வெண்பனியே விழாத அலகாபாத்தில், பனிக்கட்டி செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதினார். தரையில் ஆழமற்ற குழி வெட்டி, கரும்புச் சக்கையும் சோளத்தட்டும் போன்றவற்றை மெத்தையாகப் பரப்பி, அதன்மேல் மெருகிடாத சிறு மண்தட்டுகளில் சிறிதளவு நீர் ஊற்றி வைப்பார்கள். காற்றில்லாத, மேகமில்லாத மார்கழி-தை இரவு. விடிவதற்குள் தட்டுகளில் மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கும். காற்றின் வெப்பநிலை சுழிக்கு மேலே இருக்கும்போதே இது நடந்தது. தெளிந்த வானம் மிகக் குளிர்ந்த கூரைபோல. நீர் தன் வெப்பத்தை அதை நோக்கி வீசிவிடுகிறது. ஆவியாதலும் உதவுகிறது. அடியிலுள்ள சக்கை, மண்ணின் சூடு ஏறவிடாமல் தடுக்கிறது. உதகையில் சனவரி விடியலில் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதும் இதே காரணத்தால்தான்.

கொல்லிமலையில் ஒரு கதை

மறுபடியும் அந்த மாணவனிடம் வருவோம். நாமக்கல் பக்கத்திலிருந்து வருகிறவன், வீட்டில் கோழிப்பண்ணை. வெயில் நாற்பதைத் தொடும் நாட்களில் ஷெட்டில் கோழிகள் வாயைத் திறந்து இரைப்பதையும், மாலைக்குள் சில செத்து விழுவதையும் பார்த்து வளர்ந்தவன். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சின் வழியேதான் அது தன்னைக் குளிர்விக்கவேண்டும். லடாக் ஸ்தூபியைப் பற்றி வகுப்பில் பேசிய பிறகு, கல்லூரி மலருக்காக அவன் ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தான். ஆண்டு 2060. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, கொல்லிமலையில், ஊரார் சேர்ந்து பனி ஸ்தூபி எழுப்புகிறார்கள். கோடையில் அந்தப் பனிக்கட்டி கீழே இறங்கி நாமக்கல் பண்ணைகளைக் குளிர்விக்கிறது. எழுத்து நன்றாகவே இருந்தது.

கணக்கில்தான் தேறவில்லை. கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர் வரைதான். அங்கே காற்று சுழிக்குக் கீழே போவதில்லை. துளி காற்றில் உறையாது. "அலகாபாத் முறையிலே செய்யலாங்களா சார்?" என்றான். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தெளிந்த இரவில் ஒரு பரப்பு வானத்துக்கு இழக்கும் நிகர வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 60 முதல் 100 வாட். எண்பது என்று வைத்து, பத்து மணி நேரம் எடுத்துக்கொண்டால், காற்றிலிருந்து சிறிதும் சூடு திரும்பாது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும், உறையக்கூடியது எட்டரைக் கிலோ. அதாவது எட்டு ஒன்பது மில்லிமீட்டர் தடிப்பு. மலைக்காற்றின் ஈரமோ வானத்தைப் போர்த்துகிறது, அதுவும் கிடைக்காது.

அவன் முகம் வாடிவிட்டது. அப்போது இன்னொரு எண்ணைக் காட்டினேன். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை எடுக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போதோ சுமார் 580. ஏழு கிலோ பனிக்கட்டியை மலையிலிருந்து லாரியில் இறக்கிச் செய்யும் வேலையை ஒரு லிட்டர் நீர் அந்த ஷெட்டுக்குள்ளேயே செய்துவிடும். சித்திரை வெயிலில் காற்று உலர்ந்திருப்பது இங்கே அனுகூலம். 38 டிகிரி வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, நீரைத் தெளித்தால் 24, 25 டிகிரி வரை இறங்க இடமிருக்கிறது. முழுவதும் இறங்காது, பாதி இறங்கினாலே கோழி பிழைக்கும். பண்ணைக்காரர்கள் புகைபோல் நீர் தெளிக்கும் முனைகளைப் பொருத்துவதும், கூரைமேல் நீர் விடுவதும், கூரைக்கு வெள்ளை அடிப்பதும் இந்த அறிவால்தான். வெள்ளைக்கூரை என்பது, நார்லிகரின் கதையில் உலகைக் குளிர்வித்த அதே எதிரொளிப்பு. இங்கே பத்துச் சென்ட் அளவில்.

"ஆனா தண்ணி வேணுங்களே சார்" என்றான். அதுதான் சிக்கல். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தொடும் ஊர்க்காரன் கேட்கும் கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது பிரதியோடு வந்தான். கொல்லிமலையும் ஸ்தூபியும் போய்விட்டன. கதை நடப்பது மார்கழியில், அவன் ஊர்ச் சமவெளியிலேயே. வெள்ளைக் கூரைகள் இரவில் வானத்துக்கு வெப்பத்தை வீசிக் குளிர்கின்றன. விடியலில் பனி அவற்றின்மேல் திரண்டு, தகரத்தின் மடிப்புகளில் வழிந்து, கூரை ஓரத்து வாய்க்காலில் இறங்கித் தொட்டியில் சேர்கிறது. நம் ஊர்ப் பனியேதான். நான் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே 80 வாட்டில் தொடங்கினேன். உறைவதற்கு 80 கிலோகலோரி என்றால், நீராவி நீராவதற்கு 590க்கு மேல் வெளியேற வேண்டும். எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஓர் இரவில் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பதே வரம்பு. நடைமுறையில் நல்ல பனி இரவில் அரை லிட்டர் கிடைத்தாலே அதிகம்.

"அரை லிட்டர்தாம்ப்பா வரும்" என்றேன்.

"குளிர்நாள்லே ஒரு கோழிக்குக் கால் லிட்டர் போதுங்க சார்" என்று சொல்லி, ஷெட்டின் நீள அகலத்தை நோட்டின் ஓரத்தில் எழுதத் தொடங்கினான்.